பரப்பளவும் கன அளவும்: மனை முதல் தண்ணீர்த் தொட்டி வரை அளந்து கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

பரப்பளவு, கன அளவு என்றதும் பலருக்கும் பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். தேர்வு முடிந்ததும் அது மறந்துவிடும். ஆனால் மனை வாங்கும்போதும், மணல் இறக்கும்போதும், தொட்டி கட்டும்போதும் அதே கணக்கு திரும்பி வந்து நிற்கும். அப்போது எதிரில் இருப்பவர் சொல்லும் எண்ணை அப்படியே ஒப்புக்கொள்வதைத் தவிர வழி இல்லாமல் போகிறது.

அத்தனை சூத்திரங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. நீளத்தை அகலத்தால் பெருக்குவது என்ற ஒரே கணக்கிலிருந்துதான் மற்றவை பிறக்கின்றன. சாய்ந்து கூர்ந்தால் பாதி, மேலே எழும்பிக் கூர்ந்தால் மூன்றில் ஒன்று. ஏன் பாதி, ஏன் மூன்றில் ஒன்று என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதல் படி: அலகைச் சரிசெய்யுங்கள்

பரப்பளவு என்பது ஓர் இடத்தை நிரப்ப எத்தனை சதுரம் வேண்டும் என்ற எண்ணிக்கை. பக்கம் ஓர் அடி உள்ள சதுரம் ஒரு சதுர அடி. தஞ்சைப் பக்கத்துப் பழைய நில அளவையும் இதே முறைதான்: 12 அடிக் கோலால் அளந்தால், கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. அப்படி 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட்.

கன அளவு என்பது ஓர் இடத்துக்குள் எத்தனை கனச்சதுரம் அடங்கும் என்ற எண்ணிக்கை. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு சதுர அடிக்கு 12 × 12 = 144 சதுர அங்குலம், ஒரு கன அடிக்கு 12 × 12 × 12 = 1728 கன அங்குலம் என்பதில்தான் தடுமாறுகிறோம். மீட்டரிலும் இதே சிக்கல். ஒரு மீட்டர் 3.28 அடி. அதற்காக ஒரு சதுர மீட்டரை 3.28 சதுர அடி என்று போட்டுவிடக் கூடாது, 3.28 × 3.28, அதாவது 10.76 சதுர அடி.

கையோடு வைத்திருக்க வேண்டிய மாற்று எண்கள் இவ்வளவுதான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஓர் ஏக்கர். சென்னைப் பக்கம் சொல்லும் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, கிட்டத்தட்ட ஐந்தரை சென்ட். பட்டாவில் வரும் ஓர் ஏர் 100 சதுர மீட்டர். ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். மணல், ஜல்லி விற்கும் ஒரு யூனிட் 100 கன அடி.

இன்னொரு தவறு எங்கும் நடக்கிறது. 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று கால்குலேட்டரில் அடிப்பது. 6 அங்குலம் அரை அடி என்பதால் அது 10.5. அதேபோல 12 அடி 9 அங்குலம் என்பது 12.75. இந்த அளவுள்ள அறையின் தரை 10.5 × 12.75 = 133.9 சதுர அடி. 10.6 × 12.9 என்று போட்டால் 136.7 வரும். ஓர் அறையில் ஏறக்குறைய 3 சதுர அடி என்றால், வீடு முழுக்க டைல்ஸ் வாங்கும்போது எவ்வளவு கூடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்குலத்தை எப்போதும் 12ஆல் வகுத்துவிட்டுத்தான் அடியோடு சேர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: நேர்க்கோட்டு வடிவங்கள்

செவ்வகத்துக்கு நீளம் × அகலம். இதற்கு விளக்கம் வேண்டாம். ஆனால் இடம் உண்மையிலேயே செவ்வகமா என்று பார்க்க வேண்டும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் முறை இதற்குப் போதும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி இருந்தால் அது செங்கோணம். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தாலும் செவ்வகம்தான்.

செவ்வகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தால் இணைகரம். ஒரு முனையில் துருத்தும் முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் ஒட்டினால் மறுபடி செவ்வகமாகிவிடும். ஆகவே அடிப்பக்கம் × உயரம். உயரம் என்பது நேர்குத்தாக அளந்தது, சாய்ந்த பக்கத்தின் நீளம் அல்ல. மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பதும், பெரியவர்கள் பணத்தை இழப்பதும் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

எந்த முக்கோணத்தையும் இன்னொரு பிரதியோடு தலைகீழாகச் சேர்த்தால் இணைகரம் கிடைக்கும். எனவே முக்கோணத்தின் பரப்பு அதில் பாதி: ½ × அடிப்பக்கம் × உயரம். 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் இதைச் சொல்லிவிட்டார்.

இரண்டு பக்கங்கள் மட்டும் இணையாக உள்ளது சரிவகம். இணையான பக்கங்களின் சராசரியை அவற்றுக்கு இடையிலான நேர்குத்துத் தூரத்தால் பெருக்க வேண்டும். முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 36 அடி, இரண்டும் இணை, ஆழம் 60 அடி என்றால் 33 × 60 = 1980 சதுர அடி. சராசரி எடுக்கலாம் என்ற அனுமதி, பக்கங்கள் இணையாக இருப்பதால்தான் கிடைக்கிறது. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த பகுதி.

மூன்றாம் படி: நான்கு பக்கமும் வெவ்வேறாக உள்ள மனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு மனை. வடக்கே 36 அடி, கிழக்கே 48 அடி, தெற்கே 52 அடி, மேற்கே 56 அடி. மனை விற்பனையில் இதற்குச் சர்வசாதாரணமாகப் போடும் கணக்கு இது: வடக்கும் தெற்கும் சராசரி 44. கிழக்கும் மேற்கும் சராசரி 52. பெருக்கினால் 2288 சதுர அடி, ஐந்தேகால் சென்ட். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான்கு பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு பரப்பைச் சொல்லவே முடியாது. நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துச் சட்டமாக்கிப் பாருங்கள். பக்கங்கள் மாறாமலேயே அதை அழுத்திச் சப்பையாக்க முடியும். பக்கம் அதேதான், பரப்பு குறைந்துகொண்டே போகும். மூன்று குச்சிகளால் செய்த முக்கோணச் சட்டமோ அசையாது. அதனால்தான் நில அளவையர்கள் எந்த நிலத்தையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கிறார்கள். நாமும் அதையே செய்வோம்: எதிரெதிர் மூலைகளுக்கு இடையே டேப்பை இழுத்து ஒரு மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். இந்த மனையில் வடமேற்கு மூலைக்கும் தென்கிழக்கு மூலைக்கும் இடையே 60 அடி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மனை இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. ஒன்று 36, 48, 60. மற்றது 52, 56, 60. உயரம் தெரியாமல் மூன்று பக்கங்களை மட்டும் கொண்டு முக்கோணப் பரப்பைக் காணும் வழியை, முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரான் தந்தார். பள்ளிப் பாடத்திலும் அவர் பெயரில்தான் வருகிறது. மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்த அரைச்சுற்றளவிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழியுங்கள். அரைச்சுற்றளவையும் மூன்று மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்.

முதல் முக்கோணம்: கூட்டுத்தொகை 144, பாதி 72. மீதிகள் 36, 24, 12. பெருக்கல் 72 × 36 × 24 × 12 = 7,46,496. வர்க்கமூலம் 864.

இரண்டாவது: கூட்டுத்தொகை 168, பாதி 84. மீதிகள் 32, 28, 24. பெருக்கல் 84 × 32 × 28 × 24 = 18,06,336. வர்க்கமூலம் 1344.

மொத்தம் 2208 சதுர அடி. சராசரிக் கணக்கு சொன்னது 2288. வித்தியாசம் 80 சதுர அடி. சதுர அடி 3000 ரூபாய் என்றால் 2,40,000 ரூபாய், ஒரு டேப்பை மூலைக்கு மூலை இழுக்காததற்கு.

அதோடு முடியவில்லை. இந்த நான்கு பக்கங்களைக் கொண்டு எந்தக் கோணத்தில் மனையை அமைத்தாலும் அதிகபட்சமாக எவ்வளவு பரப்பு கிடைக்கும்? 628இல் பிரம்மகுப்தர் எழுதிய விதி இதற்கு உதவுகிறது. நான்கு பக்கங்களின் பாதிக் கூட்டுத்தொகை 96. அதிலிருந்து பக்கங்களைக் கழித்த மீதிகள் 60, 48, 44, 40. இவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 2251. நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும்போது மட்டுமே அந்தப் பரப்பு கிடைக்கும். ஆக, 2288 என்பது இந்தப் பக்கங்களுக்குச் சாத்தியமே இல்லாத எண். சராசரிக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டும்தான் சரியாக வரும். வேறு எந்த வடிவத்துக்கும் கூடுதலாகத்தான் காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குபவர் பக்கம் சாயாத கணக்கு அது.

பட்டாவோடு ஒத்துப் பார்ப்பதும் சுலபம். 2208 சதுர அடியை 10.76ஆல் வகுத்தால் 205 சதுர மீட்டர், அதாவது 2.05 ஏர். பட்டாவில் இந்த அளவு இருந்துவிட்டு, பேச்சில் மட்டும் ஐந்தேகால் சென்ட் என்று வந்தால் நின்று கேளுங்கள்.

ஐந்து, ஆறு பக்கங்கள் உள்ள நிலம் என்றாலும் முறை மாறாது. முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டியதுதான்.

நான்காம் படி: வட்டம்

வட்டத்தை நடுவிலிருந்து பல மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே என மாற்றி மாற்றி அடுக்குங்கள். துண்டுகள் மெலிய மெலிய அது ஒரு செவ்வகமாகத் தெரியத் தொடங்கும். அதன் நீளம் வட்டச் சுற்றளவில் பாதி, அகலம் ஆரம். இதையே கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூல், வட்டத்தில் (சுற்றளவில்) அரையையும் விட்டத்தில் அரையையும் பெருக்கினால் குழி, அதாவது பரப்பு, வந்துவிடும் என்று சொல்கிறது. பள்ளியில் படித்த பை × ஆரம் × ஆரம் என்பதும் அதுவேதான்; சுற்றளவின் பாதி பை × ஆரம்.

எனக்குப் பழைய விதியே பிடித்திருக்கிறது, ஏனென்றால் களத்தில் அளக்க முடிவது சுற்றளவைத்தான். மரத்தையோ குவியலையோ கிணற்றுச் சுவரையோ சுற்றிக் கயிறு போட முடியும். நடுப்புள்ளியை எங்கே போய்த் தேடுவது? சுற்றளவை 22/7ஆல் வகுத்தால் விட்டம். பை 3.1416, 22/7 என்பது 3.1429. பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் வித்தியாசம், வீட்டுக் கணக்குக்குத் தாராளமாகப் போதும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் வட்டப் பரப்பு நான்கு மடங்காகும். அரை அங்குலக் குழாய்கள் இரண்டு போட்டால் ஓர் அங்குலக் குழாய்க்குச் சமம் என்று நினைக்கிறோம். உள்விட்டக் கணக்குப்படி நான்கு வேண்டும்.

ஐந்தாம் படி: மேலும் கீழும் ஒரே அளவுள்ள கனவடிவங்கள்

அடியிலிருந்து மேல்வரை வடிவம் மாறாமல் இருந்தால் கன அளவு = அடிப்பரப்பு × உயரம். அடி செவ்வகமானால் கனச்செவ்வகம், வட்டமானால் உருளை. அடி எந்த வடிவமாக இருந்தாலும் இதே விதிதான்.

தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வெளி அளவு 8 அடி × 6½ அடி, உள்ளே ஆழம் 6 அடி. 8 × 6.5 × 6 = 312 கன அடி, 28.3ஆல் பெருக்கினால் 8830 லிட்டர் என்று முடித்துவிடாதீர்கள். சுவர் 9 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி போய்விடும். உள்ளளவு 6.5 × 5. தண்ணீரும் விளிம்பு வரை நிற்காது. மேலே அரை அடி விட்டு ஐந்தரை அடி என்று வையுங்கள். 6.5 × 5 × 5.5 = 178.75 கன அடி. அது ஏறக்குறைய 5060 லிட்டர். அதே தொட்டிதான், மூவாயிரத்து எழுநூறு லிட்டருக்கு மேல் வித்தியாசம்.

வட்டக் கிணறு: உள்விட்டம் 7 அடி, தண்ணீர் 10 அடி. ஆரம் 3.5. வட்டப் பரப்பு 22/7 × 12.25 = 38.5 சதுர அடி. பத்தடிக்கு 385 கன அடி, ஏறக்குறைய 10,900 லிட்டர்.

கூரைக் கான்கிரீட்: 20 அடி × 15 அடி, கனம் 5 அங்குலம். 300 × 5/12 = 125 கன அடி, ஒன்றேகால் யூனிட்.

லாரி மணலுக்கும் நீளம் × அகலம் × உயரம்தான். ஆனால் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நடுவில் குவிந்தும் ஓரங்களில் இறங்கியும் இருக்கும். ஒரு கம்பியை நான்கைந்து இடங்களில் அடித்தட்டு வரை குத்தி அளந்து சராசரி எடுக்க வேண்டும். உள்ளளவு 12 × 7, சராசரி உயரம் 2½ அடி என்றால் 210 கன அடி, இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். இன்னொன்றும் உண்டு: லேசாக நனைந்த மணல், காய்ந்த மணலைவிடக் கால்பங்கு வரை கூட உப்பிக் காட்டும். மணிகளைச் சுற்றி ஒட்டும் தண்ணீர் அவற்றை விலக்கி வைப்பதுதான் காரணம். கணக்கு சரியாக இருந்தும் மணல் குறைவாக இருப்பது இப்படித்தான்.

பெயிண்ட் அடிக்கத் தேவையானது புறப்பரப்பு. அறைச் சுவர்களைப் பிரித்து விரித்தால் ஒரே நீளச் செவ்வகம்: 2 × (நீளம் + அகலம்) × உயரம். 12க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் 440 சதுர அடி. அதில் கதவு ஜன்னலைக் கழித்துக்கொள்ளுங்கள். உருளையை விரித்தாலும் செவ்வகம்தான், சுற்றளவு × உயரம்.

ஆறாம் படி: கூர்ந்து முடியும் வடிவங்கள்

கூம்பும் பிரமிடும் மேலே ஒரு புள்ளியில் முடிபவை. கன அளவு = ⅓ × அடிப்பரப்பு × உயரம். முக்கோணத்துக்குப் பாதி என்றால் இதற்கும் பாதி என்றுதான் மனம் சொல்லும். ஆரியபட்டரே பிரமிடுக்குப் பாதி என்றுதான் எழுதினார். அவ்வளவு பெரிய கணித அறிஞரையே தடுமாறவைத்த இடம் என்பதால், கையால் செய்தே பார்த்துவிடுவது நல்லது.

அட்டையில் 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டுங்கள். 10, 10 செ.மீ. செங்கோணப் பக்கங்கள் கொண்ட இரண்டு முக்கோணங்கள். 10, 14.1 செ.மீ. செங்கோணப் பக்கங்கள் கொண்ட இரண்டு முக்கோணங்கள். சதுரத்தை அடியாக வைத்து, அதன் ஒரு மூலைக்கு நேர் மேலே 10 செ.மீ. உயரத்தில் உச்சி வருமாறு இவற்றை ஒட்டினால், ஒரு பக்கமாக நிற்கும் பிரமிடு கிடைக்கும். அதேபோல மூன்று செய்யுங்கள். மூன்றின் உச்சிகளும் ஒரே மூலையில் சேருமாறு திருப்பிப் பொருத்தினால், இடைவெளி இல்லாமல் ஒரு முழுக் கனச்சதுரமாக மூடிக்கொள்ளும். மூன்றும் ஒரே அளவு, ஆகவே ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்று. அட்டை மடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்யலாம். உச்சி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உயரம் மாறாதவரை கன அளவும் மாறாது. அடி வட்டமானாலும் அதே மூன்றில் ஒன்று.

தரையில் கொட்டிய மணல் குவியல் கூம்புதான். சுற்றிக் கயிறு போட்டால் 22 அடி. விட்டம் 7, அடிப்பரப்பு 38.5. உயரம் 3 அடி என்றால் ⅓ × 38.5 × 3 = 38.5 கன அடி. பார்வைக்கு ஒரு யூனிட் போலத் தெரியும். அரை யூனிட்கூட இல்லை.

ஏழாம் படி: சரிவான கரையுள்ள குட்டை

பண்ணைக்குட்டை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். வாளியும் அப்படித்தான். இதற்கு மேற்பரப்பு, அடிப்பரப்பு, அந்த இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம், ஆக மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, 3ஆல் வகுக்க வேண்டும்.

மேலே 20 × 20 மீட்டர், கீழே 14 × 14 மீட்டர், ஆழம் 3 மீட்டர். மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 196, இரண்டையும் பெருக்கிய வர்க்கமூலம் 280. கூட்டினால் 876. ஆழம் 3 என்பதால் பெருக்கலும் வகுத்தலும் அடிபட்டு 876 கன மீட்டர், அதாவது 8,76,000 லிட்டர். இரண்டு பரப்புகளின் சராசரியை எடுத்தால் 894 வரும், அது அதிகம். நடுவில் உள்ள 17 × 17ஐ எடுத்தால் 867, அது குறைவு.

இந்த விதி வியக்கவைக்கும் அளவுக்குப் பழையது. மாஸ்கோவில் உள்ள எகிப்தியப் பாப்பிரஸ் ஒன்றில் ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன்பே இதே கணக்கு இருக்கிறது: அடிச்சதுரத்தின் பக்கம் 4, மேற்சதுரத்தின் பக்கம் 2, உயரம் 6. விடை 56. நீங்களும் போட்டுப் பாருங்கள்: 16, 4, வர்க்கமூலம் 8, கூட்டினால் 28, 6ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 56.

எட்டாம் படி: கோளம்

ஒரு பந்து கச்சிதமாக அடங்கும் உருளையை நினையுங்கள். அந்த உருளையின் கன அளவில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு பந்து. ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்தது இது. தன் கல்லறையில் உருளையும் கோளமும் பொறிக்கச் சொல்லும் அளவுக்கு அவருக்கு அதில் பெருமை. பின்னாளில் சிசிலியில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் ரோமானியப் பேச்சாளர் சிசரோ அவர் கல்லறையை அடையாளம் கண்டார். சூத்திரமாக எழுதினால் 4/3 × பை × ஆரம் × ஆரம் × ஆரம். புறப்பரப்பு, அதே ஆரமுள்ள வட்டத்தைப் போல நான்கு மடங்கு.

உருண்டையான தர்ப்பூசணிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் போட்டு அளந்தால் ஒன்றின் சுற்றளவு 66 செ.மீ., மற்றது 88 செ.மீ. 22/7ஆல் வகுத்தால் விட்டம் 21, 28. ஆரம் 10.5, 14. முதலாவதின் கன அளவு 4851 கன செ.மீ., கிட்டத்தட்ட 4.85 லிட்டர். இரண்டாவது ஏறக்குறைய 11.5 லிட்டர். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல், உள்ளே இருப்பதோ இரண்டேகால் மடங்குக்கும் மேல். தர்ப்பூசணி தண்ணீரில் மிதக்கும் பழம், ஆகவே அதன் எடை கிலோவில் இந்த லிட்டர் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். தராசில் வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். எடைக்கு விற்காமல் ஒரு பழம் இவ்வளவு என்று விற்கிற கடையில், பெரிய பழத்தின் விலை சின்னதைப் போல இரண்டு மடங்காக இருந்தாலும் பெரியதையே எடுங்கள்.